ரோமில் ஒரு முழுநாள் நடை: புதிதாகப் போகிறவர்களுக்கு

நம் ஊரிலிருந்து ஐரோப்பா போகிறவர்களின் பயணத் திட்டத்தில் ரோமுக்குப் பெரும்பாலும் ஒரு முழுநாள்தான் கிடைக்கிறது. இரவு வந்து இறங்கி, மறுநாள் பார்த்துவிட்டு, அடுத்த நாள் காலை ரயிலேறிவிடுவார்கள். அந்த ஒரு நாளை நடந்தே கழிப்பதுதான் சரி. பழைய நகரம் அவ்வளவு அடக்கமானது; பஸ்ஸில் போனால் பாதி தெருக்களுக்குள் நுழையவே முடியாது. அம்மாவையும் அக்கா குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு போய், டிக்கெட்டுக்கும் கழிப்பறைக்கும் கறி இல்லாத சாப்பாட்டுக்கும் அல்லாடித் தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். உங்களுக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

தொடங்கும் முன் ஒன்று. கொலோசியத்தையும் வத்திக்கான் அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டுமே நேரம் குறித்த டிக்கெட் கேட்பவை, இரண்டுமே மணிக்கணக்கில் நிற்கவைப்பவை, இரண்டும் ஊரின் இரு ஓரங்களில் இருப்பவை. "அவ்வளவு தூரம் போய், வத்திக்கான் அருங்காட்சியகத்துக்குள் இருக்கும் சிஸ்டைன் சிற்றாலயம் பார்க்காமலா?" என்று கேட்பீர்கள். பார்க்கத்தான் வேண்டும் என்றால் கொலோசியத்தை வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். எது வேண்டும் என்று வீட்டிலேயே முடிவெடுங்கள். அங்கே போய் அல்ல. கீழே இருப்பது கொலோசியத்தைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கான வழி.

1. ஊரிலேயே முடிக்கவேண்டிய தாள்கள்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா (இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, அதற்கும் சிறிய குழந்தைகளுக்கு இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல் தனி. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் அந்தச் சலுகையை முழுதாகப் பயன்படுத்துங்கள். 15 நாளுக்கு முன் போதும் என்று சட்டம் சொன்னாலும், ஏப்ரல், மே மாதங்களில் நேர்முகத்துக்கு நாள் கிடைப்பதே பெரும்பாடு. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் செல்லும்படி இருக்கவேண்டும்.

பல நாடுகளுக்குப் போகிறவர்கள் எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்கவேண்டும். ரோமில் ஒரு நாளும் பாரிஸில் நான்கு நாளும் என்றால் பிரான்ஸ். இதைத் தவறாகச் செய்து திரும்பி வரும் விண்ணப்பங்கள் ஏராளம்.

2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய எல்லைகளில் விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறையைத் தொடங்கியிருக்கிறார்கள். விமான நிலையத்தில் அதற்கென்று கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். இறங்கிய நாளிலேயே நேரம் குறித்த டிக்கெட் எதுவும் வாங்காதீர்கள்.

2. கிழமையைத் தேர்ந்தெடுங்கள்

செவ்வாயும் வியாழனும் நல்ல நாட்கள். மற்றவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்லங்கம் உண்டு.

திங்கட்கிழமை சான் ஆஞ்செலோ கோட்டை உட்படச் சில இடங்களுக்கு விடுமுறை. புதன்கிழமை காலை, போப்பாண்டவர் ஊரில் இருந்தால் மக்களைச் சந்திப்பார்; அது முடியும்வரை செயின்ட் பீட்டர்ஸ் பேராலயத்துக்குள் போக முடியாது. வெள்ளிக்கிழமை போக்குவரத்து வேலைநிறுத்தத்துக்குப் பேர்போன நாள். அந்த ஊர்க்காரர்கள் "ஷோப்பெரோ" என்பார்கள். தங்கும் விடுதியில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள், எந்த மணியிலிருந்து எந்த மணிவரை என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். சனிக்கிழமை எங்கும் கூட்டம்.

மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் இலவசம் என்று யாராவது ஆசைகாட்டினால் நம்பிப் போகாதீர்கள். இலவசம் என்பது உண்மைதான். ஆனால் அன்றைய டிக்கெட்டை நேரில்தான் வாங்கவேண்டும். மிச்சமாகும் 18 யூரோவுக்கு விலையாக உங்கள் காலைப்பொழுது மொத்தமும் வரிசையில் போய்விடும். ஒரு நாள் மட்டும் இருப்பவருக்கு இது கட்டுப்படியாகாது.

3. கொலோசியம் டிக்கெட்டும் உங்கள் இனிஷியலும்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

2023 அக்டோபரிலிருந்து கொலோசியம் டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் அச்சாகிறது. வாசலில் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நாம் வழக்கமாக எழுதுவதுபோல் "எஸ். கார்த்திகேயன்" என்று இட்டுவிட்டு, கடவுச்சீட்டில் "கார்த்திகேயன் சுப்பிரமணியம்" என்று இருந்தால் அங்கே இருப்பவருக்கு அது இரண்டு வெவ்வேறு ஆள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பத்தில் பெரியவர், 'எஸ்' என்பது அப்பாவின் பெயர் என்று விளக்கிக்கொண்டிருந்தார். காவலருக்குத் தகப்பன் பெயர் ஏன் டிக்கெட்டில் வருகிறது என்பதே புரியவில்லை. கடைசியில் உள்ளே விட்டார்கள். உங்களையும் விடுவார்கள் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஆகவே கடவுச்சீட்டைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்புங்கள். குடும்பப்பெயர் கட்டம் கடவுச்சீட்டில் காலியாக இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆனால் இணையப் படிவம் இரண்டு கட்டங்களையும் நிரப்பச் சொல்லும். விமான டிக்கெட்டில் எப்படி நிரப்பினீர்களோ அதே முறையில் இங்கும் நிரப்பி, அந்த விமான டிக்கெட்டின் நகலையும் கைவசம் வைத்திருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

டிக்கெட் விற்பனை, போகும் நாளுக்கு 30 நாள் முன்பு தொடங்குகிறது. அடிப்படை டிக்கெட் 18 யூரோ. கொலோசியம், ரோமன் ஃபோரம் (பழைய ரோமின் பொதுச் சதுக்கத்தின் இடிபாடுகள்), பாலட்டைன் குன்று (பேரரசர்களின் அரண்மனைகள் இருந்த மேடு) மூன்றும் இதில் அடக்கம். நிலவறைக்கும் களத்தளத்துக்கும் சேர்த்து வேண்டுமானால் 24 யூரோ. அது திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம்தான், ஆனாலும் அவர்கள் பெயரிலும் டிக்கெட் எடுத்தாகவேண்டும். இதை மறந்துவிட்டு வாசலில் குழந்தையோடு நிற்பவர்களைத் தினமும் பார்க்கலாம்.

இணையத்தில் தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் விளம்பரங்கள். கட்டடத்தின் படம், இத்தாலியக் கொடி, "வரிசையில்லை" என்ற வாசகம் என்று அசல்போலவே இருக்கும். அடையாளம் எளிது: அடிப்படை டிக்கெட்டுக்கு 40, 50 யூரோ கேட்டால் அது அதிகாரபூர்வத் தளம் இல்லை. மேலும், "வரிசையில்லை" என்று யார் விற்றாலும் பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் உண்டு.

எந்த நேரத்துக்கு எடுப்பது? காலை 8.30-க்குத் திறக்கிறார்கள், அதுவே சிறந்தது. அது கிடைக்காவிட்டால் 9, 9.30. குறித்த நேரத்துக்கு 20 நிமிடம் முன்பே வரிசையில் நில்லுங்கள்.

4. காலில், பையில், பாட்டிலில்

ரோமின் பழைய தெருக்கள் உள்ளங்கையளவு கருங்கற்களைப் பதித்தவை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே பள்ளம் இருக்கும், மழை பெய்தால் வழுக்கும். ஃபோரத்துக்குள் இருக்கும் பழைய சாலை இன்னும் மோசம். ஒவ்வொரு கல்லும் ஒரு அம்மிக்கல் அளவு, ஒன்று சாய்ந்தால் மற்றது நிமிர்ந்து நிற்கும். தடித்த அடிப்பாகம் உள்ள, நன்கு பழகிய காலணிதான் வேண்டும். பயணத்துக்கென்று புதிதாக வாங்கிய காலணி மதியத்துக்குள் கொப்புளம் போட்டுவிடும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு ஒரு மடக்குக் கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா முதலில் வெட்கப்பட்டார். ஃபோரத்தில் இறங்கிய பிறகு அதைக் கையைவிட்டு வைக்கவே இல்லை.

பை சிறியதாக இருக்கட்டும். பெட்டி, பெரிய முதுகுப்பை, கண்ணாடி பாட்டில் எதையும் கொலோசியத்துக்குள் விடமாட்டார்கள். அங்கே பை வைக்கும் அறையும் இல்லை. அன்றே அறையைக் காலி செய்கிறீர்கள் என்றால் பெட்டிகளை விடுதியிலேயே விட்டுவிடுங்கள்.

மூல கடவுச்சீட்டை எடுத்துச்செல்லுங்கள். சட்டைக்குள் போடும் தட்டைப் பையில் இருக்கட்டும். நகல் விடுதி அறையில் இருக்கட்டும்.

தண்ணீருக்குக் காசு செலவழிக்காதீர்கள். ஊர் முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் குழாய்த் தூண்கள் இருக்கின்றன. இடுப்பளவு உயரம், வளைந்த மூக்குபோல் ஒரு குழாய், இடைவிடாமல் ஓடும் குளிர்ந்த தண்ணீர். ஊர்க்காரர்கள் "நசோனே" என்கிறார்கள். குனிந்து குடிக்கவேண்டியதில்லை: குழாயின் வாயை விரலால் அடைத்தால், வளைவின் மேலே இருக்கும் சின்னத் துளை வழியாக நீர் வில்லாகப் பீறிட்டு நேராக வாய்க்கு வரும். குழந்தைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தால் ஒவ்வொரு தூணிலும் நிறுத்துவார்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

சான் ஆஞ்செலோ பாலத்தைத் தாண்டியதும் பேராலயம் என்பதால் உடையில் கவனம் வேண்டும்: தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். ஆண்களுக்கும் இதே விதிதான். கோடையில் கையில்லாத சட்டை போடுகிறவர்கள் ஒரு துப்பட்டாவையோ பருத்தித் துண்டையோ பையில் வைத்திருந்தால் போதும். வாசலில் அதைத்தான் நாலு மடங்கு விலைக்கு விற்கிறார்கள்.

5. காலை 8.30 முதல் 12.30 வரை: கொலோசியம், பாலட்டைன், ஃபோரம்

பி தடத்து மெட்ரோவில் "கொலோசேயோ" நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே நிற்கிறது. உள்ளே ஒன்றேகால் மணி நேரம் போதும். பிறகு டைட்டஸ் வளைவின் பக்கமுள்ள நுழைவாயில் வழியாகப் பாலட்டைன் குன்றுக்கு முதலில் ஏறிவிடுங்கள். பெரும்பாலோர் நேராக ஃபோரத்துக்குள் போய், வெயிலில் சுற்றி, களைத்துப்போய்க் குன்றை விட்டுவிடுகிறார்கள். குன்றின்மேல் பைன் மரநிழல் உண்டு. ஃபார்னேசே தோட்டத்தின் மாடத்திலிருந்து ஃபோரம் முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். மேலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கினால் எது எங்கே என்று குழப்பம் இருக்காது.

ஃபோரத்துக்கும் பாலட்டைனுக்கும் சேர்த்து ஒரே ஒரு நுழைவுதான். வெளியே வந்துவிட்டால் திரும்ப விடமாட்டார்கள். கழிப்பறையை உள்ளே இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள்; வெளியே வந்தபின் அது ஒரு தனித் தேடல்.

கேப்பிட்டலைன் குன்றுப் பக்கமாக வெளியேறி, மைக்கலாஞ்சலோ வடிவமைத்த சதுக்கத்துக்கு ஏறுங்கள். நகர மன்றக் கட்டடத்தின் பக்கவாட்டில் ஒரு மாடம் இருக்கிறது. நீங்கள் நடந்து வந்த இடம் முழுவதும் அங்கிருந்து தெரியும், காசும் கிடையாது. படம் எடுக்க இதைவிட நல்ல இடம் இந்த வழியில் இல்லை.

6. மதியச் சாப்பாடு

ரோமில் உணவகங்கள் மதியம் 12.30 முதல் 3 மணிவரை திறந்திருக்கும். பிறகு பல கடைகள் 7 மணிவரை சமையலறையை மூடிவிடும். மூன்றரைக்குப் பசியோடு போய் நின்றால் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நடத்தும் கடைகள்தான் கிடைக்கும். சாப்பாட்டுப் படங்களை வாசலில் ஒட்டி, கையைப் பிடிக்காத குறையாக அழைக்கும் கடைகளை விட்டு விலகுங்கள்.

நடக்கும் நாளுக்கு உகந்தது எடைக்கு விற்கும் பீட்சா. நீள்சதுரத் தட்டிலிருந்து எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி நிறுத்துத் தருவார்கள். பலகையில் எழுதியிருக்கும் விலை பெரும்பாலும் 100 கிராமுக்கு. சில கடைகளில் கிலோவுக்கு. ஒருவருக்கு 7 முதல் 10 யூரோவில் வயிறு நிறையும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க. மார்கரீட்டா, மரினாரா இரண்டும் பீட்சாவில் பயமில்லாதவை. கார்பொனாரா, அமாத்ரிச்சானா இரண்டிலும் பன்றிக் கன்னக்கறி உண்டு. "சுப்ளி" என்ற பொரித்த அரிசி உருண்டை பார்க்க நம் போண்டாபோல் அப்பாவியாக இருக்கும். வழக்கமான வகையில் இறைச்சிக் குழம்பு கலந்திருக்கும். காச்சோ எ பெப்பே என்பது வெறும் பாலாடைக்கட்டியும் மிளகும்தான் என்றாலும், அந்தப் பாலாடைக்கட்டி கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியால் உறையவைப்பது. கடும் சைவர்கள் இதையும் தவிர்ப்பார்கள். "சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே" என்றால் இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று பொருள். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

காப்பிக் கடையில் மேடையருகே நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. சதுக்கங்களைப் பார்த்த மேசை என்றால் இரண்டு மூன்று மடங்கு. நின்று குடியுங்கள், குடித்துவிட்டு அங்கேயே கழிப்பறையைக் கேளுங்கள். இந்த ஊரில் பொதுக் கழிப்பறைக்கு மாற்று ஒரு எஸ்பிரெஸ்ஸோதான்.

7. மதியம் 2 முதல் 4 வரை: பாந்தியன், நவோனா

வெனேசியா சதுக்கத்தில் மெட்ரோ வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. வேலியைச் சுற்றித்தான் போகவேண்டும். அங்கிருந்து பழைய ரோமர்கள் கட்டிய கோயிலான பாந்தியன் பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. முன்பு இலவசமாக இருந்த இடம். 2023 ஜூலையிலிருந்து 5 யூரோ என்று கட்டணம் வைத்தார்கள். புறப்படும் முன் இன்றைய விலையைப் பார்த்துக்கொண்டு இணையத்திலேயே எடுத்துவிடுங்கள்; வாசல் வரிசை வெயிலில் நிற்கிறது. உள்ளே அரை மணி நேரம் போதும். குவிமாட உச்சியில் இருக்கும் வட்டத் திறப்புக்கு மூடி கிடையாது. மழை வந்தால் தரையில் விழும், தரையின் துளைகள் வழியாக வடியும். மழைநாளில் நடை கெட்டுவிட்டதே என்று வருந்துபவர்கள் இங்கே வந்து பாருங்கள்.

நவோனா சதுக்கம் அடுத்த ஐந்து நிமிடத்தில். நடுவிலிருக்கும் நான்கு நதிகள் நீரூற்றில் நம் கங்கையும் ஒரு ஆள்: துடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருப்பவர். குழந்தைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால் கொஞ்ச நேரம் உட்காரலாம்.

8. மாலை: பாலத்தைக் கடந்து பேராலயம்

நவோனாவிலிருந்து சான் ஆஞ்செலோ பாலம் வழியாக செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கம் 25 நிமிட நடை. பேராலயத்துக்கு டிக்கெட் இல்லை, பாதுகாப்புச் சோதனை மட்டும்தான். நண்பகலைவிட மாலை 4 மணிக்கு மேல் வரிசை பொதுவாகச் சுருங்குகிறது. "உள்ளே போகக் கட்டணம்" என்று சதுக்கத்தில் யார் வந்து பேசினாலும் தலையாட்டாமல் நடந்துகொண்டே இருங்கள்.

குவிமாடத்தின் மேலே ஏறத் தனிக் கட்டணம். மொத்தம் 551 படிகள். மின்தூக்கி எடுத்தாலும் மீதி 320 ஏறத்தான் வேண்டும். கடைசிப் பகுதி குவிமாடத்தின் வளைவோடு சேர்ந்து சாய்ந்த, ஒருவர் மட்டும் போகும் வழி, பாதியில் திரும்பமுடியாது. நாள் முழுக்க நடந்த கால்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். பேராலயத்துக்கு முன்பே குவிமாடத்தை மூடிவிடுகிறார்கள் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

9. ஒரே ஒரு மெட்ரோ, பிறகு இரவு

இங்கே ஒரு சலுகை. சதுக்கத்திலிருந்து பத்து நிமிடத்தில் "ஒத்தாவியானோ" நிலையம். ஏ தடத்தில் மூன்றாவது நிறுத்தம் "ஸ்பாஞ்ஞா". அதில் ஏறிவிடுங்கள், வீம்புக்கு நடக்கவேண்டாம். கட்டணம் 1.50 யூரோ. வங்கி அட்டையை நுழைவுக் கதவில் காட்டினாலே போதும், ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்டை வேண்டும். பஸ்ஸில் காகித டிக்கெட் எடுத்தால் உள்ளே இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்தவேண்டும். கையில் டிக்கெட் இருந்தும் முத்திரை இல்லாவிட்டால் அபராதம்தான்.

ஏ தடமும், தெர்மினி என்ற பெரிய ரயில் நிலையமும், 64-ஆம் எண் பஸ்ஸும் பிக்பாக்கெட்டுக்குப் பெயர்பெற்றவை. கதவு மூடும் தருணத்தில் நாலைந்து பேர் நெருக்கியடித்து ஏறுவார்கள். அப்போது உங்கள் கை பையின்மேல் இருக்கவேண்டும். தெருவில் நட்புக் கயிறு என்று மணிக்கட்டில் கட்ட வருபவர், கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டுபவர், போர்வீரர் வேடத்தில் படம் எடுக்க அழைப்பவர் ஆகியோரிடம் பதிலே சொல்லாமல் போவதுதான் மரியாதை.

ஸ்பானியப் படிகளில் உட்காராதீர்கள். 2019 முதல் தடை; அபராதம் 250 யூரோவரை போகலாம். காவலர்கள் விசில் ஊதி எழுப்புவார்கள். அங்கிருந்து ட்ரெவி நீரூற்று பத்து நிமிடம். தொட்டியின் விளிம்புவரை இறங்க 2026 பிப்ரவரியிலிருந்து வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ கட்டணம் வைத்திருக்கிறார்கள். மேலே நின்று பார்க்கக் காசில்லை, விளக்கு வெளிச்சத்தில் அங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது. தண்ணீரில் காலை நனைத்தால் அதற்கும் அபராதம்.

10. செலவும் திரும்பும் வழியும்

ஒரு பெரியவருக்கு: கொலோசியம் 18, பாந்தியன் 5 (2023 விலை), மெட்ரோ இரண்டு மூன்று முறை என்றால் 4.50, மதியச் சாப்பாடு 10, காப்பி மூன்று, இரவுச் சாப்பாடு 15 முதல் 20. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 60 யூரோவில் அடக்கலாம். இதில் சேராத ஒன்று விடுதியில் நேரில் கட்டவேண்டிய நகர வரி. தரத்தைப் பொறுத்து ஆளுக்கு ஒரு இரவுக்கு 4 முதல் 10 யூரோ. முன்பதிவுத் தொகையில் பெரும்பாலும் இது இருக்காது. ஐந்து பேர் குடும்பத்துக்கு இது சின்னத் தொகையும் அல்ல.

டிசம்பரில் போகிறவர்கள் இந்த அட்டவணையை ஒரு மணி நேரம் முன்தள்ளுங்கள். மாலை 4.40-க்கே சூரியன் மறைந்துவிடும், கொலோசியத்தையும் 4.30-க்கு மூடிவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரியைத் தாண்டும். சென்னை வெயிலில் வளர்ந்தவர்களுக்கும் நிழலில்லாத ஃபோரம் ஒரு சோதனைதான். அந்த மாதங்களில் மதியம் 1 முதல் 4 வரை அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து இரவு 10 மணிவரை நடப்பது புத்திசாலித்தனம்.

ட்ரெவியிலிருந்து அருகிலுள்ள மெட்ரோ "பார்பெரினி". வழக்கமாகக் கடைசி வண்டி இரவு 11.30-க்கு; வெள்ளி, சனி இரவுகளில் 1.30 வரை. பராமரிப்பு நடக்கும் காலங்களில் முன்பே மூடிவிடுவார்கள், நிலைய வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கும். காலையில் ஏறும்போதே அதைப் படித்துவிடுங்கள். தவறவிட்டால் மீட்டர் பொருத்திய வெள்ளை நிற டாக்சியில் மட்டும் ஏறுங்கள்; நிறுத்துமிடத்தில் வரிசையாக நிற்கும். தாமாக வந்து "டாக்சி வேண்டுமா?" என்று கேட்பவரின் வண்டியில் வேண்டாம்.